பேக்அப் முடியாத இரவுகள்

சென்னை அலுவலகத்தில் எனக்கு இரவுப் பணி. தரவுத்தளத்தின் பேக்அப்பை அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள சர்வருக்கு அனுப்பி, காலை ஷிப்ட் ஆட்கள் வருவதற்குள் முடித்திருக்க வேண்டும். முடிந்ததே இல்லை. 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டினோம். பரிமாற்றம் அதில் கால்வாசியைக்கூடத் தொடவில்லை. இணைப்புத் தந்தவர்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார்கள். எரிச்சலான விஷயம், அது உண்மை.

அனுப்பும் சர்வர் பழையது. தரவைப் பேக்கெட் எனும் சிறு துண்டுகளாக அனுப்பும் இணைய விதிமுறை டிசிபி. எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று அதற்குச் சொல்லும் பழைய முறையான ரெனோவை யாரோ அமைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டேன். பேக்கெட் போய்ப் பதில் வர 200 மில்லிவிநாடி என்றால், இணைப்பு நிரம்ப ஏறத்தாழ 17,000 பேக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் ரெனோ அந்த எண்ணிக்கையைப் பாதியாக்கும். பிறகு, போய்ப் பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பேக்கெட்டாக ஏறும். பழைய நிலைக்குத் திரும்பவே ஏறக்குறைய அரை மணி நேரம்! அதற்குள் இன்னொன்று தொலையாமலா இருக்கும்?

ரெனோவைத் திட்டவும் மனம் வரவில்லை. 1986 அக்டோபரில், பெர்க்லியில் 400 கெஜ இடைவெளியிலிருந்த இரண்டு இடங்களுக்கிடையே விநாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் நெரிசலால் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதற்கு வான் ஜேக்கப்சன் என்ற கணினி ஆய்வாளர் கண்ட மருந்தின் வாரிசுதான் ரெனோ. பேக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று அன்று எடுத்துக்கொண்டது நியாயம்தான்.

ரெனோவுக்குப் பின் வந்த க்யூபிக் என்ற முறைக்கு மாற்றினேன். இழப்பு நேர்ந்தால் 70 சதவீதத்துக்கு மட்டுமே இறங்கும். மீண்டும் ஏறுவதோ சுற்றுகளை எண்ணியல்ல, கடிகாரத்தைப் பார்த்து. தொலைவில் இருப்பதற்காகத் தண்டிக்காது. பல இரவுகளில் பேக்அப் முடிந்தது. எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறையைப் போட்டேன். அது இழப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழியின் வேகத்தையும் குறைந்தபட்சத் தாமதத்தையும் அளந்து ஓடும். அன்றிரவு இரண்டு மணிக்கே வேலை முடிந்தது.

மறுநாள் பக்கத்து அணியின் மூத்தவர் வந்தார். "தம்பி, நேற்று என்ன செய்தாய்? எங்கள் கோப்புகள் நகரவே இல்லை." அதே இணைப்பு, அவர்களுடையது க்யூபிக். ரௌட்டரில் பேக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபர் சிறியதாக இருந்தால் பிபிஆர் இழப்பைப் பார்த்தும் தள்ளிக்கொண்டே போகும், க்யூபிக் பாவம் ஒதுங்கி ஒதுங்கி நிற்கும். படித்திருந்தேன், நம் இணைப்பில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

பிபிஆரை எடுக்கவில்லை. அவர்கள் வேலை மூன்று மணிக்கு முடியும். அதுவரை எங்கள் பேக்அப்புக்கு வேக வரம்பு. கேன்டீனில் பேரம் நடந்தது. 600 எம்பிபிஎஸ் கேட்டேன், 400க்குத்தான் சம்மதித்தார்.