பந்தில்தான் பட்டது, சேர்

முல்லைத்தீவுப் பக்கம் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதத் தொடங்கி 14 வருடமாகிறது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், சனி ஞாயிறில் மத்தியஸ்தர். இந்த வேலையில் என் காதில் அதிகம் விழுந்த வசனம், "பந்தில்தான் பட்டது, சேர்." எதிராளி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உருளுவான். பந்து பனங்கூடலுக்குள் போயிருக்கும். மறித்தவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பாவம் அறியாதவர் போல நிற்பார். வற்றாப்பளை அம்மன் மேல் ஆணையிட்டவர்களும் உண்டு.

நெடுங்காலம் நானும் அந்த வசனத்தை நம்பித்தான் ஆட்டம் நடத்தினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கழகம். பெயர் வேண்டாம், ஊரில் வாசிப்பார்கள். மீள்குடியேறி, வளவு துப்பரவாக்கி, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த நாட்களிலேயே ஒரு பந்தைச் சேர்ந்து வாங்கி விளையாடத் தொடங்கிய பொடியங்கள். முன்வரிசையில் சொல்லும்படி யாருமில்லை. ஆனால் ஒரு வருடம் சுற்றுப்போட்டியில் அரையிறுதி வரை ஒரு கோல்கூட வாங்காமல் வந்தார்கள். ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம், ஒருமுறை பெனால்டியில். ஒலிவாங்கி பிடித்த அண்ணை அவர்களுடைய பின்வரிசையை "இரும்புக் கோட்டை" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனார்.

கோட்டையின் நடுத்தூண் அவர்களுடைய ஸ்டொப்பர், பின்வரிசையின் நடுவில் நின்று மறிக்கிறவர். மேசன் வேலை செய்கிறவர், அப்போது 27, 28 வயதிருக்கும். பந்து வருகிற இடத்தை முன்கூட்டியே மணக்கிற ஆள், அதில் குறை சொல்ல முடியாது. அதோடு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிரணிப் பொடியன் பந்தை வாங்கித் திரும்புகிற அந்த அரை நொடியில் பின்னால் வந்து, பந்தோடு சேர்த்துக் காலையும் எடுத்துவிடுவார். பந்து வெளியே போகும். உடனே குனிந்து, விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கி, முதுகில் தட்டிவிடுவார். பார்க்கிற சனம் கைதட்டும். நானும் "எறிதல்" என்று கோட்டைக் காட்டிவிட்டு ஓடுவேன். அந்தச் சுற்றுப்போட்டியில் அவர்களுடைய மூன்று ஆட்டங்களுக்கு நான்தான் மத்தியஸ்தர். அவருக்கு ஒரு மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை.

அரையிறுதிக்கும் நான்தான். எதிரணியில் கரையோரக் கிராமத்துப் பொடியன் ஒருவன், இடது காலால் விளையாடுகிறவன், காற்று மாதிரிப் பறப்பான். 20ஆவது நிமிடமளவில் பந்தை வாங்கித் திரும்பினான். ஸ்டொப்பர் வழக்கம்போல வந்தார். இந்த முறை ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம். அதைக் கேட்டவுடனே என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. சிவப்பு.

அவர் கோபப்படவில்லை. கிட்ட வந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"சேர், போன கிழமையும் இதைத்தானே செய்தனான். அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

என்னிடம் பதிலில்லை. "வெளியில போ தம்பி" என்று மட்டும் சொன்னேன். பொடியனை ஒரு வாகனத்தில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். கால் முறிந்தால் இங்கே ஒரு பருவத் தொழில் போகும். வீட்டில் ஏற்கெனவே போரில் பட்ட செல் துண்டோடு நடக்கிற ஒருவர் இருப்பார், இப்போது இரண்டாவது ஆளும் படுக்கையில். பத்துப் பேரோடு மிச்ச நேரம் விளையாடிய கழகம் அன்று மூன்று கோல் வாங்கியது. கோட்டை ஒரே பின்னேரத்தில் இடிந்ததென்று பேசிக்கொண்டார்கள்.

அன்றிரவு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன், சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. விதி 12 மறிப்பை மூன்று படியாகப் பிரிக்கிறது. கவனயீனமாக இடித்தால் ப்ரீ கிக் மட்டும், அட்டையில்லை. எதிராளிக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லையென்று போனால் மஞ்சள். அளவுமீறிய பலத்தோடு போனால், அல்லது அவனுடைய உடம்புக்கு ஆபத்து வரும்படி போனால் சிவப்பு. முன்னால் வந்தாலும் பக்கத்தால் வந்தாலும் பின்னால் வந்தாலும் கணக்கு ஒன்றுதான். பந்தில் முதலில் பட்டால் மன்னிப்பு என்று ஓரிடத்திலும் இல்லை. எலும்பு முறிந்ததா என்றும் அது கேட்கவில்லை. ஆக, அரையிறுதியில் நான் காட்டிய அட்டை சரி, காட்டிய காரணம் பிழை. முந்தின மூன்று ஆட்டத்திலும் காட்டாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. அவர்கள் கோல் வாங்காமல் வந்ததில் என் விசிலுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

இது எங்கள் கிரவல் மைதானத்தின் சங்கதி மட்டுமில்லை. 2010 உலகக்கிண்ண இறுதியாட்டத்தை வவுனியாவில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் குத்தினார். மஞ்சள்தான் வந்தது. தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது, அது சிவப்பாக இருந்திருக்கவேண்டும் என்று மத்தியஸ்தர் ஹவார்ட் வெப் பின்னர் ஒப்புக்கொண்டார். அன்று மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள். அத்தனை காட்டியும் காட்டவேண்டிய ஒன்று தவறிவிட்டது. முதல் பாதியிலேயே ஒருவரை வெளியேற்றி ஆட்டத்தைக் கெடுக்கக்கூடாது என்று ஒரு குரல் எங்கள் எல்லோர் மண்டைக்குள்ளும் உண்டு. யார் சொல்லித்தந்தார்கள் என்று தெரியாது.

அப்புறம் 2020 ஒக்டோபர் 17. கொரோனாவால் எங்கள் போட்டிகள் நின்றுபோயிருந்த நேரம். இங்கிலாந்துக் கழகங்களான எவர்டனும் லிவர்பூலும் ஆடியது எங்களுக்குப் பின்னேரம் 5 மணி. தொடங்கிச் சில நிமிடத்திலேயே எவர்டன் கோல்காப்பாளர் பிக்போர்ட் பாய்ந்து வந்து லிவர்பூல் பின்வரிசைக்காரர் வான் டைக்கின் முழங்காலை முடித்துவிட்டார். வான் டைக் ஓஃப்சைட்டில் நின்றதால் பெனால்டி இல்லை, சரி. ஆனால் ஓஃப்சைட் என்றாலும் சிவப்பு அட்டை காட்டத் தடையில்லையே. காணொளி பார்க்கிற ஆட்கள் இருந்தும் ஒன்றும் காட்டவில்லை. அதே ஆட்டத்தின் கடைசியில் லிவர்பூலின் தியாகோவை மறித்ததற்கு எவர்டனின் ரிச்சார்லிசனுக்குச் சிவப்பு வந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். மனைவி என்ன என்று கேட்டா. "எங்கட ஸ்டொப்பர் கேட்ட கேள்விதான்" என்றேன். அவவுக்கு விளங்கவில்லை.

அந்த ஒரு மறிப்பு லிவர்பூலின் பின்வரிசையை என்ன செய்தது என்று பார்த்தால், 2018-19 பருவத்தில் 38 ஆட்டத்தில் 22 கோல் மட்டும் வாங்கிய அணி, 2020-21இல் 42 வாங்கியது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களைத் தோற்றார்கள். மற்றப் பின்வரிசைக்காரர்களான கோமேசும் மத்திப்பும் பிறகு காயப்பட்டது தனிக்கதை. நியாயமாகச் சொன்னால், அந்த ஒக்டோபரிலேயே வான் டைக் நிற்கும்போதே அஸ்டன் வில்லாவிடம் 7 கோல் வாங்கியவர்கள்தான். எல்லாப் பழியையும் மத்தியஸ்தர் தலையில் கட்ட நான் வரவில்லை, எனக்கே அந்தத் தலை உண்டு.

எங்கள் பக்கம் ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம் என்று யோசித்தால், பாதிக் காரணம் நிலம். ஆடி வெயிலில் கிரவல் தரையில் யாரும் சறுக்கிப் போகமாட்டார்கள், தொடைத்தோல் உரிந்துவிடும். நின்றபடி காலைப் போடுவார்கள். அது பார்வைக்கு மென்மை, விழுகிறது கணுக்காலில். மாரி தொடங்கி நிலம் சேறானதும் எல்லோரும் சறுக்குவார்கள். அது பார்வைக்குப் பயங்கரம், பல நேரம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. என் பழைய குறிப்புக் கொப்பியைப் புரட்டினால் மஞ்சள் அட்டைகள் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான். சேற்றைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். புழுதியில் கண்ணை மூடியிருக்கிறேன். மிச்சக் காரணம் ஆட்கள். கோடு பார்க்கிறவர் பெரும்பாலும் ஏதாவதொரு கழகத்து அண்ணையாக இருப்பார். கொடி உயரும் முன் அவர் கண் யார் விழுந்தது என்று பார்க்கும்.

இப்போது நான் பந்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். மறிக்கிறவர் எத்தனை அடி தூரத்திலிருந்து வருகிறார், சப்பாத்தின் அடி தெரிகிறதா, எதிராளியின் எந்தக் கால் நிலத்தில் ஊன்றியிருக்கிறது என்பதுதான் முதலில். ஊன்றிய காலில் பட்டால் அது போகிற கால். நாலாவது நிமிடமானாலும் அட்டை எடுக்கிறேன். இதனால் ஆட்டமே மாறுவதைக் கண்டிருக்கிறேன். பின்னால் வந்து எடுக்கமுடியாது என்று தெரிந்ததும் பின்வரிசை இரண்டு மீற்றர் தள்ளி நிற்கும். எதிராளி திரும்பிவிடுவான். அவனை மறிக்க நடுவரிசை ஓடிவரவேண்டும். ஓடிவராத அணிக்கு முதல் இரண்டு மூன்று ஆட்டம் கோல் கொட்டும். பிறகு பழகிவிடுவார்கள். ஆனால் அடுத்த கிழமை வேறொரு மத்தியஸ்தர் வந்து பழையபடி விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அந்த ஸ்டொப்பர் இப்போது அதே கழகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார். அண்மையில் அவர்களுடைய ஆட்டமொன்றுக்குப் போனபோது, காசு சுண்டுவதற்கு முன் பக்கத்தில் வந்தார்.

"சேர், இண்டைக்கு எப்பிடி? பழைய விசிலோ, புது விசிலோ?"

"புதுசுதான்."

தலையாட்டிவிட்டுப் போய்த் தன் பொடியங்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் தள்ளி நின்று விளையாடினார்கள், இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். நான் வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிளின் இரண்டு ரயரிலும் காற்றில்லை. ஆதரவாளர்களில் யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, பந்துக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்துவரச் சொன்னார். அதன் ஊசி வால்வுக்குப் பொருந்தவில்லை. பின்னால் தள்ளுகிறேன், நீங்கள் கான்டிலைப் பிடியுங்கோ என்றார். ரயர்க்கடைவரை அப்படியே உருட்டிக்கொண்டு போனோம்.