பேனலில் பேர் வருவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்

ஜூன், ஜூலை வந்தால் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) ஆகப் போகிறோம், ஆன்லைனில் ஏதாவது மேல்படிப்பு படித்து வைக்கலாமா என்று. கீழேயே இன்னொருவர், "இன்க்ரிமென்ட் உண்டா சார்?"

கிடையாது. பழைய ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சிலேயே அரசு நிறுத்திவிட்டது. இந்தப் படிப்பால் பதவி உயர்வும் வராது. பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆவது பணிமூப்பை வைத்துத்தான், கூடவே டிபார்ட்மென்டல் டெஸ்ட் முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பதவி உயர்வுக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வும் தேற வேண்டும் என்ற தலைவலி வேறு. கல்வி மேலாண்மையில் முதுகலை வைத்திருக்கிறாரா என்று பேனல், அதாவது பதவி உயர்வுப் பட்டியல், தயாரிக்கிறவர்கள் பார்ப்பதில்லை.

அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்? டிபார்ட்மென்டல் டெஸ்டில் நாம் படிப்பதெல்லாம் விதிகளும் கணக்கும். அது இல்லாமல் ஆபீஸ் நடக்காது, சரி. ஆனால் பதினைந்து இருபது வருஷம் கணக்கோ அறிவியலோ நடத்திக்கொண்டிருந்தவர், கவுன்சிலிங்கில் ஊர் தெரியாத ஒரு பள்ளியை எடுத்து, மறுநாள் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்கிறார். எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற வேண்டும், லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்கு ஆள் அனுப்ப வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தீர்மான நோட்டு எழுத வேண்டும், மதியத்துக்குள் "மிக அவசரம்" என்று ஒரு படிவம் வரும். எட்டாம் வகுப்பில் ஏன் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை என்று யோசிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, நேரமும் இல்லை.

டெல்லியில் நீபா எனும் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்துக்குள் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, 2012இல் தொடங்கியது. இலவசமாக ஆன்லைன் படிப்பும் நடத்துகிறார்கள். அவர்கள் பாடத்திட்டத்தில் தன்னை வளர்த்துக்கொள்வது, கற்பித்தலை மாற்றுவது, குழுவை நடத்துவது, ஊரோடும் பெற்றோரோடும் சேர்ந்து வேலை செய்வது என்று பல பகுதிகள், அதில் நிர்வாகமும் ஒன்று. நம் ஹெச்.எம்.களுக்கு அந்த ஒன்றிலேயே நாள் முடிந்துவிடுகிறது. பட்டம்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். எம்.ஏ. கல்வியியல் 2 வருஷம். கல்வி மேலாண்மை, நிர்வாகத்தில் முதுகலை டிப்ளமாவும் உண்டு. பாடப் புத்தகங்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, சேருவதற்கு முன்பே இரண்டு பாடம் இறக்கிப் படித்துப் பாருங்கள். தமிழில் இல்லை என்பது பெரிய குறை.

எம்.எட். வேறு, எம்.ஏ. கல்வியியல் வேறு. நாளைக்குக் கல்வியியல் கல்லூரிக்குப் போகும் எண்ணமிருந்தால் எம்.எட். தான் வேண்டும், அது நேரில் போய்ப் படிக்கிற படிப்பு. தனியார் பல்கலைக்கழக விளம்பரம் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி. அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பின் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பேர் மட்டும் இருந்தால் போதாது. துறை முன் அனுமதி வாங்காமல் சேராதீர்கள், பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்ற அலைய வேண்டும்.

நான் படித்ததில் உருப்படியாகக் கிடைத்தது வகுப்பைக் கவனிப்பது பற்றிய பகுதி. நம் பக்கம் கவனிப்பது என்றால் பாடக்குறிப்பு நோட்டில் பச்சை மையில் கையெழுத்து, அல்லது மேலதிகாரி வருகிறார் என்றதும் எல்லாரும் கற்பித்தல் துணைக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அந்தப் பாடத்தைப் படித்த சூட்டில் எங்கள் கணக்கு டீச்சரிடம், "அக்கா, உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஒரு பீரியட் உட்காந்துக்கறேன்" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வரச் சொன்னார். நான் குறித்தது ஒன்றே ஒன்று, கேள்வி யாரிடம் போகிறது. வகுப்பின் வரைபடம் போட்டு, கேட்கக் கேட்க அந்தந்த இடத்தில் ஒரு புள்ளி. பீரியட் முடிந்தபோது ஜன்னல் பக்கத்து முதல் இரண்டு பெஞ்சில் புள்ளி மொய்த்துக் கிடந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் வரிசையில் ஒன்றுகூட இல்லை. தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன், கருத்து எதுவும் சொல்லவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் உங்க கிளாஸுக்கு நான் வரேன்" என்றார். வந்தார், என் தாளும் அப்படி ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை.

இதை ஹெச்.எம். ஆன பிறகு தொடங்கியிருந்தால் அக்கா இப்படிச் சிரித்திருக்க மாட்டார், எதற்கு உளவு பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்திருப்பார். சக ஆசிரியராக இருக்கும்போதுதான் இதையெல்லாம் முயன்று பார்க்க முடியும். பணிமூப்பு முறையை எவ்வளவு திட்டினாலும் அதில் ஒரு வசதி உண்டு, நம் முறை எந்த வருஷம் வாக்கில் வரும் என்று ஓரளவு முன்பே தெரிந்துவிடும். அந்த நாலைந்து வருஷத்தில் படியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால் இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் தேடி ஒட்டுகிற வேலைதான் நடக்கும். இக்னோவில் பெரும்பாலும் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அந்த 30ஐ உங்கள் பள்ளியை வைத்தே எழுதினால் தேர்வுக்குத் தனியாக மனப்பாடம் செய்கிற பாடு பாதி குறையும்.

இக்னோவில் ஜனவரி சுற்றுக்கும் விண்ணப்பிக்கலாம், ஜூலையை விட்டவர்கள் பதற வேண்டாம்.