பீரோ சாவி யாரிடம்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பையன் புகுந்து சுட்டுவிட்டான் என்று செய்தி வந்தால் எங்கள் தண்டையார்பேட்டையில் இரண்டு தீர்ப்புதான் சொல்வார்கள். ஒன்று, "பையன் மெண்டலு." இன்னொன்று, "அங்க கடையில துப்பாக்கி விக்கிறான், நம்ம ஊர்ல அதுக்கெல்லாம் வழியே இல்ல." சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு இந்த இரண்டோடும் சண்டை உண்டு. சாயங்காலம் எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறவள் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இரண்டாவது தீர்ப்பை முதலில் முடித்துவிடலாம். 2007 டிசம்பரில் குர்கானில் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் கூடப் படித்தவனைப் பள்ளியிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2018 ஜனவரியில் ஹரியானாவின் யமுனாநகரில் பன்னிரண்டாவது படித்த மாணவன் தன் பிரின்சிபாலைச் சுட்டுக் கொன்றான். 2022 ஜூனில் லக்னோவில் 16 வயதுப் பையன் பெற்ற அம்மாவையே சுட்டான், போன் விளையாட்டை வைத்து நடந்த சண்டை என்றது போலீஸ். மூன்றிலும் துப்பாக்கி பையனின் வீட்டிலிருந்துதான் வந்தது. கடைசி இரண்டிலும் அது அப்பா பெயரில் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. 21 வயது ஆகாதவருக்கு இந்தியாவில் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. சரி, பீரோ சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்க்க யார் வீட்டுக்குள் வருகிறார்கள்?

அமெரிக்காவிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. அங்கே அதிபரின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் சீக்ரெட் சர்வீஸ் என்ற அமைப்பு 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த தாக்குதல்களை எடுத்து ஆராய்ந்ததில், துப்பாக்கி பயன்பட்டவற்றில் சுமார் நான்கில் மூன்று பங்கில் அது பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்ததாக இருந்தது. பையன் எங்கேயும் அலையவே இல்லை.

இப்போது "மெண்டலு"க்கு வருகிறேன். மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அன்று காலையில்தான் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தம் வழிகிற உடம்பும் வரைந்து, எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, உதவி செய்யுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளி அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியது. அவர்கள் பார்த்தார்கள், பையனை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் கிளம்பிவிட்டார்கள். நான்கு நாளைக்கு முன்பு அவனுக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளியிலும் யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. 2024இல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. பிள்ளை பள்ளியில் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் "பையன் மெண்டலு, அதான் சுட்டான்" என்று முடித்துவிட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உதவி கேட்டு எழுதியிருக்கிறான், அதற்கு என்ன பதில்? மனநோய் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடுவதுகூடக் கிடையாது, அடி வாங்குபவர்கள்தான் அவர்களில் அதிகம், ஆபத்து என்று வந்தால் அது பெரும்பாலும் அவர்களுக்கே. மனம் சரியில்லாத பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

2012 டிசம்பர் 14 அன்று நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூடவுனில் 20 வயது இளைஞன் முதலில் வீட்டில் அம்மாவைச் சுட்டுவிட்டு, அம்மா முறையாக வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகளோடு சாண்டி ஹூக் பள்ளிக்குப் போய் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றான். அதே நாளில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஓர் ஆள் கத்தியோடு ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான். அதில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

கத்தி என்றால் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2012 பிப்ரவரி 9 அன்று பாரிமுனை அர்மேனியன் தெருவில் ஒன்பதாவது படித்த பையன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். எங்களிடமிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அப்புறம் பஸ் ரூட்டுக்கு யார் தலைவன் என்று காலேஜ் பசங்க போடும் ரூட்டு தல சண்டை, பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாக்கத்தி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். (வடசென்னை என்றாலே சினிமாக்காரர்கள் ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து நிற்க வைப்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அது வேறு வயிற்றெரிச்சல்.) எங்கள் பக்கத்து வீடுகளில் துப்பாக்கி இல்லை என்பது நிஜம். ஆனால் ஆயாவின் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் டிவி மேலேயே கிடக்கும், எலி மருந்து அடுப்புக்குக் கீழே இருக்கும். மனசு உடைந்த பதினைந்து வயசுக்கு அதுவும் கைக்கெட்டும் தூரம்தான்.

அந்தத் தூரத்தைக் கூட்டினால் உயிர் மிஞ்சும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் லாக்கர் கட்டிப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள், டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு செய்த வேலை அது. இஸ்ரேல் ராணுவத்தில் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்று 2006இல் மாற்றியதும் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிப்பாய்களின் மனசு ஒரே வருடத்தில் மாறியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

நம் ஊரிலேயே, தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேங்க் காவலாளி மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. உனக்கு மனநோய் உண்டா, நீ கோபக்காரனா என்று யாரும் கேட்பதில்லை. சூடான நேரம், சாமான் கையில் வேண்டாம், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் வருஷம் முழுக்கத் தேர்தல் காலம்தான்.

டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகள், பையனை யார் வீட்டுக்காவது விளையாட அனுப்புவதற்கு முன்னால் போன் போட்டு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறாளாம். "கேக்க கூச்சமா இல்லையாடி?" என்றேன். "மொதல்ல இருந்துச்சுக்கா. வேர்க்கடலை அலர்ஜி இருக்கான்னு கேட்கும்போது சேர்த்துக் கேட்டுடுவேன்."

இங்கே என் டியூஷனில் ஒரு பையன். நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கத்திப் படம், ராத்திரியில் தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சு இல்லை. அவன் அம்மா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்க, மனநலப் பிரிவு அங்கேயே இருக்கு என்றேன். "கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேர் வந்துடும் டீச்சர்." 14416க்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பேசி முடித்த பிறகு, கத்தி மாத்திரை எல்லாம் பூட்டி வையுங்க என்று நானும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரே ரூம் வூடு. பீரோவுக்கு பூட்டே இல்ல. அந்தக் கத்தி இல்லன்னா எனக்கு சோறு இல்ல. எங்க டீச்சர் பூட்டுறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரேதான் கண்டுபிடித்தார். கத்தியை மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரம்மாவின் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வருகிறார், ஆயாவின் மாத்திரை எதிர்வீட்டில் இருக்கிறது, வேளைக்கு வேளை வாங்கி வருவார்கள். பையனுக்கு ஸ்டான்லியில் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறது. தூங்குகிறான். கணக்கில் இன்னும் மோசம்தான்.