கணினியில் பிறந்த பல்சார்கள்: முதல் முழு ஓட்டம்

சுழன்றபடி ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்களே பல்சார்கள். பால்வெளியின் பல்சார்களைக் கணினியில் பிறக்கவைத்து, அவற்றுள் எவை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக்குத் தட்டுப்பட்டிருக்கும் என்று கணக்கிடும் என் பைத்தான் நிரல் இந்த வாரம் முதன்முறையாக முழுமையாக ஓடியது. ஒப்பீட்டுக்கு 1997-இல் தொடங்கிய பார்க்ஸ் பல்கற்றை அளவாய்வை எடுத்துக்கொண்டேன். 64 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் 13 கற்றைகளால் ஒவ்வொரு திசையையும் 35 நிமிடம் பார்த்ததால், எதைக் கண்டிருக்கும், எதைத் தவறவிட்டிருக்கும் என்பதைத் திட்டமாகக் கணக்கிட முடிகிறது.

பல்சார்களின் பிறப்பு மதிப்புகள் வானியலாளர்கள் ஃபோஷே-ஜிகேரும் காஸ்பியும் 2006-இல் வெளியிட்டவை: சுழற்சிக் காலத்தின் சராசரி 0.3 வினாடி, காஸ் அலகில் காந்தப்புலத்தின் மடக்கைச் சராசரி 12.65. ரேடியோ ஒளிர்வை மட்டும், எளிமை கருதி, சுழற்சியோடு தொடர்பில்லாமல் குலுக்கலில் கொடுத்தேன். அதன் விளைவு வரைபடத்திலேயே தெரிந்தது. உண்மையான பட்டியலில் அரை வினாடியை ஒட்டி உச்சம் இருக்க, என்னுடையதில் இரண்டு வினாடிக்கு அப்பால் ஒரு பெரிய மேடு எழுந்து நின்றது.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடியபின், ஒரே ஒரு பல்சாரை மட்டும் எடுத்துக் கையால் கணக்கிட்டேன். சராசரி மதிப்புகளோடு பிறந்த அது, ஒரு கோடி ஆண்டில் 3.5 வினாடிக்கு ஒருமுறை சுழலும் அளவுக்குத் தளர்கிறது. கதிர்வீச்சு நின்றுபோகும் மரணக் கோடு அதை முன்பே அகற்றிவிடும் என நம்பியிருந்தேன்; ஆனால் அதற்குச் சுழற்சிக் காலம் 5.1 வினாடி ஆக வேண்டும், அதாவது இரண்டு கோடி ஆண்டுக்கும் மேல். ஆக, முதிய பல்சார்களை மறைப்பது மரணம் அன்று, மங்கல். ஃபோஷே-ஜிகேர், காஸ்பி விதிப்படி ஒளிர்வைச் சுழற்சிக் காலத்தோடும் அது கூடும் வேகத்தோடும் பிணைத்தால், அதே பல்சார் பிறந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 140 மடங்கு மங்கியிருக்கும். பல்சாரின் ரேடியோக் கற்றையும் குறுகுவதால், அது நம்மைத் தொடும் வாய்ப்பு 24 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சுருங்குகிறது.

இம்மாற்றத்துடன் மீண்டும் ஓட்டியபோது மேடு கரைந்து, உச்சம் அரை வினாடிப் பக்கம் நகர்ந்தது. காந்தப்புலம் தேய்கிறது என்ற கூடுதல் அனுமானமே தேவைப்படவில்லை என்பது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

0.1 வினாடிக்குக் கீழே மட்டும் இன்னும் மிகுதியாக வருகிறது. விண்வெளி எலெக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாமதப்படுத்தித் துடிப்பைச் சிதறடிப்பதை நான் இன்னும் சேர்க்கவில்லை. பார்க்ஸின் 3 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுக்குள், சிதறல் அளவு (வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்தத்தைக் குறிக்கும் எண்) 300 எனில், துடிப்பு சுமார் 2.9 மில்லிவினாடி பரவும், 0.05 வினாடிப் பல்சாரின் துடிப்பு அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்த ஓட்டத்தில் இந்தப் பரவலைச் சேர்க்கிறேன்.