மார்த்தினிக்கில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாடும் எண்பது யூரோ டாக்சியும்

எண்பது யூரோ! போகும்போது இருபது நிமிஷப் படகுப் பயணம். அதே இடத்திலிருந்து ராத்திரி திரும்பி வர டாக்சிக்காரர் வாங்கிய காசு அது. அறைக்கு வந்து படுத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் நாக்கில் இன்னும் ருசி நிற்கிறது. இரண்டையும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்கா காரைக்காலிலிருந்து பாரிஸுக்கு என்னிடம் இரண்டு மாதம் தங்க வந்திருந்தாள். அவளுக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. கடல், வெயில், நல்ல மீன் மூன்றும் இருக்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மார்த்தினிக்கைத் தேர்ந்தெடுத்தேன். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரம் பறந்தால் கரீபியக் கடல். ஆனாலும் அது பிரான்ஸ்தான், யூரோதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெறும் ஷெங்கன் விசா இங்கே செல்லாது. விசா எடுக்கும்போதே கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் தங்கியது த்ருவா சிலேவில், கடற்கரைப் பக்கம். தலைநகர் ஃபோர் த ஃபிரான்ஸ் விரிகுடாவுக்கு நேர் எதிரே தெரியும். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் மட்டும் நல்ல பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுவது என்று முடிவு. அதற்கு 200 யூரோ ஒதுக்கி, மற்ற மதியங்களில் சாலையோரம் புகையில் வாட்டி விற்கும் கோழியும் வாழைப்பழமுமாக ஓட்டினோம். அந்தக் கோழியும் அருமைதான், தனியாகவே எழுதலாம்.

சனிக்கிழமை சாயங்காலப் படகில் ஏறினோம். கரையில் இறங்கினால் சவான் பூங்கா. அதன் ஓரத்தில் ஷோல்ஷர் நூலகம். பாரிஸில் செய்து, துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டி 1893-இல் திறந்த இரும்புக் கட்டடம். அதை நின்று பார்த்துவிட்டு அங்கிருந்து உணவகத்துக்கு நடந்தே போய்விட்டோம். மரத்தாலான பழைய வீடு, திண்ணை மாதிரி நீண்ட வராந்தா, மொத்தம் பத்து மேஜை. ஏழரைக்குத்தான் கதவைத் திறந்தார்கள்.

உட்கார்ந்ததும் ஒரு பையன் தட்டில் உயிரோடு ஒரு லாங்கூஸ்த்தைக் கொண்டுவந்து காட்டினான். கொடுக்கு இல்லாத, நீள மீசை வைத்த சிங்கி இறால். "இன்று காலை பிடித்தது" என்றான். விலையைச் சொல்லவில்லை. மெனுவில் தேடினால் கடைசி வரியில் பொடி எழுத்தில் '100 கிராம் 11 யூரோ' என்று போட்டிருந்தது. எடை என்ன என்று கேட்டேன். ஒரு கிலோ நூறு கிராமாம். 121 யூரோ! எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றேன். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். ஆசை காட்டி முன்னால் நீட்டுகிறவர்கள் மொத்த விலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் போனால் தயங்காமல் எடை கேளுங்கள்.

நாங்கள் எடுத்தது ஆளுக்கு 82 யூரோ முழுச் சாப்பாட்டு மெனு. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்; 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் சும்மா தருவார்கள். ரொட்டியும் அப்படித்தான். சர்வீஸ் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

முதலில் ஒரு வாய்க்கு ஒன்றாக 'ஃபெரோஸ்' வந்தது. வெண்ணெய்ப்பழம், உப்புப்போட்டுக் காயவைத்த காட் மீன், மரவள்ளி மாவு, பச்சை மிளகாய் நான்கையும் மசித்து எலுமிச்சை அளவுக்கு உருட்டியிருந்தார்கள். அக்கா மோந்து பார்த்துவிட்டு, "கருவாடுடி" என்று சிரித்தாள். உண்மைதான். வடக்கே குளிர்க்கடலில் பிடித்த மீனை உப்பில் போட்டு, கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வயிற்றுக்கு மலிவாக இறக்கிய சாமான் அது. இன்றைக்கு வெள்ளை மேஜைவிரிப்பில் முதல் மரியாதை அதற்குத்தான்.

அடுத்தது நண்டும் கிறிஸ்தோஃபினும். கிறிஸ்தோஃபின் என்றால் வேறொன்றுமில்லை, நம் சௌசௌ. நம் வீட்டில் கூட்டுக்குள் காணாமல் போகிற காயை, கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி, பச்சையாகவே எலுமிச்சைச் சாறில் ஊறவைத்து, உதிர்த்த நண்டுச் சதைமேல் அடுக்கியிருந்தார்கள். கடித்தால் வெள்ளரி மாதிரி நறுக்கென்றது. ஊருக்குப் போனதும் செய்யப்போகிறேன் என்று அக்கா அப்போதே சொல்லிவிட்டாள்.

அப்புறம் வந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். மெனுவில் 'வீவானோ, பேர் பிளான் கொலொம்போ' என்றிருந்தது. அக்காவுக்கு பிரெஞ்சு தெரியாது, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கொழும்பு மீனா?" என்றாள். வீவானோ நம் சங்கரா மீன். கொலொம்போ இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் மசாலாப் பொடி. ஆடு, கோழி எதற்கும் போடுவார்கள். கொழும்பு ஊர்ப் பெயர்தான் இப்படி ஆனது என்பவர்களும் உண்டு, குழம்பு என்ற சொல்தான் மருவியது என்பவர்களும் உண்டு. பொடி யாருடையது என்பதில் மட்டும் சண்டை இல்லை. 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1853 மே 6-இல் 'ஓரெலி' என்ற கப்பல் 313 பேரோடு இங்கே சான் பியேர் துறைக்கு வந்தது. அடுத்த முப்பது வருஷத்தில் வந்தவர்கள் சுமார் 25,000 பேர். புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அதில் ஏராளம். அவர்களோடு வந்த சமையல் இது.

தட்டில் மீன் துண்டு தோல் மேலாக இருந்தது. தோல் அப்பளம் மாதிரி மொறமொறப்பு, உள்ளே சதை ஈரமாக, இதழ் இதழாகப் பிரிந்தது. பக்கத்தில் மசித்த சேப்பங்கிழங்கு. சுற்றிலும் மஞ்சள் நிறத்தில் அந்த சாஸ். பேர் பிளான் என்பது சின்ன வெங்காயத்தை வினிகரிலும் வெள்ளை ஒயினிலும் சுண்டவைத்து, குளிர்ந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடித்துச் சேர்ப்பது. கொதித்தால் திரிந்துபோகும். அதில்தான் கொலொம்போவைக் கலந்திருந்தார்கள்.

அக்கா மீனைத் தொடவே இல்லை. கரண்டி நுனியில் சாஸை மட்டும் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். "மல்லி இருக்கு. சீரகம். வெந்தயம் லேசா. கடுகு. மஞ்சள். மிளகாய் இல்ல. புளியும் இல்ல, அந்த வேலைய வினிகர் பாக்குது. இன்னொன்னு இருக்கு, என்னன்னு பிடிபடல." திரும்பவும் எடுத்தாள். நானும் எடுத்தேன். முதலில் வெண்ணெய், உடனே புளிப்பு, விழுங்கிய பிறகுதான் வறுத்த மல்லி வாசம் மூக்கில் ஏறுகிறது. குழம்பு என்று சொல்ல முடியாது, குழம்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. பாரிஸில் 'இந்திய வாசனை' என்று கறிப்பொடியைத் தட்டுமேல் தூவிவிட்டுக் காசு பிடுங்கும் இடங்களில் சாப்பிட்டு வெறுத்திருக்கிறேன். இங்கே பொடி பச்சை வாடை இல்லாமல் வெந்திருந்தது, வெண்ணெயோடு ஒன்றாகியிருந்தது. சாஸ் பிசுபிசுக்கவில்லை, பிரியவும் இல்லை. எப்படி என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். உள்ளே போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். வெங்காயம் வதங்கும்போதே பொடியைப் போட்டு வாசம் வரும்வரை வதக்கிவிட்டு அப்புறம்தான் வினிகர் ஊற்றுவார்களாம். மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா, "அதானே!" என்று மேஜையைத் தட்டினாள். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டு வாங்கியும் துடைத்தோம்.

சீஸ் தட்டு வீண். ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் பறந்து வந்த சீஸ் இந்தப் புழுக்கத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு மெனு விலையைக் குறைத்தால் புண்ணியமாகப் போகும்.

கடைசியில் ரம்மில் ஊறிய பாபா கேக். மார்த்தினிக் ரம் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வருவதில்லை, பச்சைக் கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது. அந்தக் கரும்புச் சாற்று ரம்முக்கென்று 1996-இலேயே பிரான்ஸ் அரசின் தோற்றச் சான்று, நம் புவிசார் குறியீடு மாதிரி, கிடைத்திருக்கிறது. பாட்டிலைத் திறந்து மேஜையிலேயே ஊற்றினார்கள். கரும்பாலைப் பக்கம் போனால் வரும் வாசம். அக்கா மது தொடமாட்டாள் என்றதும் முகம் சுளிக்காமல், கூடுதல் காசு இல்லாமல், தேங்காய்ப்பாலில் உறையவைத்த வெள்ளைப் புட்டிங் கொண்டுவந்தார்கள். மேலே எலுமிச்சைத் தோல் துருவல். நல்ல உணவகம் என்பதற்கு எனக்கு இது போதும்.

இரண்டு பழச்சாறு சேர்த்து 178 யூரோ. கணக்குக்குள் முடிந்தது என்று நிம்மதியாக எழுந்தோம்.

கடைசிப் படகு போயிருந்தது. அது முன்பே தெரியும். உணவகத்திலிருந்தே டாக்சிக்குப் போன் போட்டுக் கேட்டபோது 60 என்றார். வந்து கதவைத் திறந்ததும் 80. "ராத்திரி, சனிக்கிழமை" என்றார். போனில் பேசியபோதும் ராத்திரிதான், சனிக்கிழமைதான். மீட்டரைப் போடச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. அந்த நேரத்தில் தெருவில் வேறு வண்டி கிடையாது, அது அவருக்கும் தெரியும். லாமந்தான், ரிவியேர் சலே என்று விரிகுடாவை முழுசாகச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் வந்தால் முதல் நாளே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். இங்கே ராத்திரியில் பஸ்ஸை நம்ப முடியாது. கார் ஓட்டாதவர்கள் சாப்பிடப் போகும் அன்றைக்கு மட்டும் ஃபோர் த ஃபிரான்ஸிலேயே அறை எடுங்கள். எண்பது யூரோவுக்குச் சுமாரான அறையே கிடைத்துவிடும்.

மறுநாள் ஞாயிறு முழுக்கத் தூங்கினோம். திங்கட்கிழமை காலைப் படகில் திரும்பவும் போய், பெரிய மார்க்கெட்டில் பொடிக் கடைகளைத் தேடினோம். தலையில் மதராஸ் கட்டத் துணி கட்டிய ஓர் அம்மா கொலொம்போவைப் பொட்டலம் போட்டு அடுக்கியிருந்தார். அக்கா ஒரு சிட்டிகை வாங்கி உள்ளங்கையில் தேய்த்து மோந்துவிட்டு, "அந்த இன்னொன்னு என்னன்னு கேளு" என்றாள். கேட்டேன். "வறுத்த அரிசி" என்றார் அந்த அம்மா.

பொட்டலம் நாலு யூரோ. அக்கா மூன்று வாங்கினாள்.