தஞ்சாவூர் – கோடியக்கரை சாலை

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக கோடியக்கரை போகிறவர்கள் தை, மாசியில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். சம்பா அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் பைக்கில் வருகிறவருக்குக் கண்ணில் படவே படாது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுப்பது சிக்கல், ஊரில் காயவைக்கக் களமும் இல்லையென்றால் அவர்கள் எங்கேதான் கொட்டுவார்கள்? ஊருக்கு ஊர் சிமெண்ட் களம் வேண்டும், அதைக் கேட்க வேண்டும்.

அப்புறம், இந்த ஒரே சாலையில் இரண்டு ராம்சர் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்த ஈரநிலங்கள், இருக்கின்றன: வடுவூர் ஏரி (2022-ல் சேர்ந்தது), கோடியக்கரை (2002-ல்). வலசைப் பறவைகள் வருவதும் இதே மாதங்களில்தான். வடுவூரைத் தாண்டும்போது ஹாரன் அடிக்காதீர்கள், வயல் பக்கம் பாருங்கள். நத்தைகுத்தி நாரை சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுச் சதையை மட்டும் உருவித் தின்னும். வேதாரண்யம் தாண்டினால் வயல் போய் அகஸ்தியம்பள்ளி உப்பளம் வந்துவிடும், 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். அங்கேயும் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.