கழுவேலிக் கரையில் ஓர் ஆசிரியர் நல்கை: நாட்குறிப்பு

20 ஜூன் 2024

மரக்காணம் வட்டாரத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் நடத்தும் எனக்கு, வாழிடம் சார்ந்த சூழல் கல்விக்கான ஓராண்டு ஆசிரியர் நல்கை (ஃபெல்லோஷிப்) கிடைத்திருக்கிறது. கோடை விடுமுறையில் உறைவிடப் பயிற்சி முடிந்துவிட்டது. இனி மாதம் ஒரு கூடுகை உண்டு. ஆண்டு முடிவதற்குள் பள்ளியைச் சுற்றியுள்ள நிலத்தையும் நீரையும் கொண்டு சில பாட அலகுகளை உருவாக்கித் தர வேண்டும். சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே கூறிவிட்டது. மாணவர்களுக்கான சூழல் மன்றத் திட்டமான தேசியப் பசுமைப் படை 2001 முதல் பள்ளிகளில் இயங்கி வருகிறது. இத்தனைக்குப் பிறகும், ஓசோன் படலத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் மாணவிக்குத் தன் ஊர் ஏரியின் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் வழி, எந்தப் பக்கம் வழிகிறது என்பது தெரிவதில்லை. அதைத் தெரியவைக்க ஆசிரியருக்குத் தேவைப்படுவது நேரம். நல்கை என்ற பெயரில் வருவதில் அந்த நேரத்தைத்தான் பெரிதாக மதிக்கிறேன். கூடுகை நாட்களுக்கு ‘ஆன் டூட்டி’ கேட்ட கோப்பு இன்னும் அலுவலகத்திலேயே இருக்கிறது.

16 ஆகஸ்ட் 2024

எங்கள் வட்டார நீர்நிலையான கழுவேலி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. திருப்பூர் நஞ்சராயன், மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கம் ஆகியவற்றோடு சேர்த்து நேற்று முன்தினம் அறிவித்தார்கள். நாட்டின் ராம்சர் தலங்கள் இப்போது 85. கழுவேலி 2021ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதுதான். செய்தித்தாளைப் படித்துக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்பில் ஒருவன், “நம்ம கழுவேலியா சார்? மாடு மேய்க்கிற இடமாச்சே!” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு அதுவே பாடத்தின் தொடக்கமாகப் பட்டது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடைக்குள் வற்றி மேய்ச்சல் வெளியாகும் ஆழமற்ற நீர்நிலைக்கு மாடு மேய்வதும் பூநாரை இறங்குவதும் ஒரே ஆண்டின் இரு பருவங்கள்.

ஆகவே முதல் அலகுக்குப் பறவைகளை எடுக்கவில்லை. நீர் எங்கிருந்து வருகிறது என்பதையே எடுத்தோம். மேற்கே உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பிக் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் பாய்ந்து, சங்கிலியாக இறங்கிக் கடைசியில் கழுவேலியில் சேர்கின்றன. அங்கிருந்து எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, உபரி எங்கே போகிறது என்ற இரண்டே கேள்விகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். விடைகளை ஒரு பெரிய தாளில் அம்புக்குறிகளால் இணைத்து வருகிறோம். சில அம்புகள் மனைப்பிரிவுகளில் போய் முட்டி நிற்கின்றன.

6 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. மயிலத்தில் அதைவிடவும் அதிகம். மரக்காணத்து உப்பளங்கள் முழுகிப் போயின. பள்ளிகளுக்கு விடுமுறை.

பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு உதவப் போயிருந்தேன். தாழ்வாரச் சுவரில் மாணவர்களின் ஏரி வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், எந்த வாய்க்கால் எங்கே உடைத்துக்கொண்டது என்று விரலால் தொட்டுச் சொன்னார். நாங்கள் விட்டிருந்த ஓர் ஓடையையும் காட்டினார். அதே இடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பென்சிலால் அதைச் சேர்த்தாள். மனைப்பிரிவில் முட்டி நின்ற அம்புகளில் இரண்டு, தெருவில் இடுப்பளவு நீர் நின்ற இடங்களோடு பொருந்தின. இதைக் கொண்டு பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்கியிருக்காது. ஆனால் இந்த வரைபடத்தைக் கிராம சபையில் வைக்கலாம் என்று ஊர்க்காரர்களே கேட்டார்கள். பயிற்சியில் ‘சமூகப் பங்கேற்பு’ என்று அரைநாள் விளக்கியதைவிட இது எனக்கு எளிதில் விளங்கியது.

21 பிப்ரவரி 2025

உப்பளத்திற்கு ஒன்பதாம் வகுப்பை அழைத்துப் போனேன். பாய்மங்கள் பாடத்தில் அடர்த்தியும் ஹைட்ரோமீட்டரும் வருகின்றன; எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கருவி இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அதைத் தினமும் கையாளுகிறார். கண்ணாடிக் குழலில் உப்புநீரை மொண்டு, கருவியை மெல்ல மிதக்கவிட்டு, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தார். “இருபத்தஞ்சு டிகிரி தொட்டாத்தான் சார் உப்பு இறங்கும். அதுக்கு முன்னால என்ன காய்ஞ்சாலும் வராது.” கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரிதான். உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் சொல்லும் பாமே அளவு என்பது பிள்ளைகளுக்குப் புதிது. டிகிரி என்றால் வெப்பநிலை என்றே நினைத்திருந்தார்கள். பாத்தி பாத்தியாக அளந்து எழுதியபோது எண் ஏறுவதை அவர்களே கண்டார்கள். முப்பதை நெருங்கும் நீரை ஏன் வெளியேற்றுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். “விட்டா உப்பு கசக்கும்” என்றார் அக்கா. அந்தக் கசப்புக்குக் காரணமான மெக்னீசிய உப்புகளைப் பற்றி நான் அதற்குமேல் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு மதிப்பூதியம் கொடுக்க நல்கையின் செலவுத் தலைப்புகளில் இடமில்லை. வளவாளர் (பாடம் சொல்ல வெளியிலிருந்து அழைக்கப்படுபவர்) என்றால் பட்டம் பெற்றவர் என்றே படிவம் எதிர்பார்க்கிறது. இது மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

11 ஜூலை 2025

நல்கைக் காலம் முடிந்தது. இது மாறுதல் கலந்தாய்வுக் காலமும் கூட. எங்கள் குழுவில் மலையூர்ப் பள்ளியில் சோலைக்காடுகளைப் பற்றி அருமையான அலகுகளை உருவாக்கிய ஆசிரியை, வயதான பெற்றோருக்காகச் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் பெற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவரோடு அந்த மலையின் பாடமும் இறங்கிவிட்டது; புதிய இடத்தில் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடத்தை வைத்து நடக்கும் கல்விக்கான நல்கையை, இடம் மாறக்கூடிய ஒரே ஆளிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிக்கு இருவர் என்று தேர்ந்தெடுத்து, தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் செலுத்தி, இரண்டாம் ஆண்டில் பாதிப் பணத்தையாவது தொடர்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று இறுதி அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

நான் இந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டு தெரியாது. எனவே வரைபடத்தின் நகல், டிகிரிப் பதிவேடு, யாரை எந்த மாதத்தில் போய்ப் பார்க்கலாம் என்ற பட்டியல் மூன்றையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை யாரும் எளிதில் தூக்கிப் போட முடியாது. ஏரி அலகை இவ்வாண்டு சமூக அறிவியல் ஆசிரியை நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். சீமைக் கருவேலம் பற்றியும் ஓர் அலகு வேண்டும் என்கிறார், திங்கட்கிழமை அதற்காக உட்காருகிறோம்.